சுடாமல், யோசித்து விளையாட: பழைய சாகச கேம்களில் எவை, வரவிருப்பவற்றில் எவை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சிறுவயதில் பக்கத்து வீட்டு அண்ணனின் கணினியில் கடற்கொள்ளையர் வரும் சாகச கேம் ஒன்றைப் பாதியில் விட்டீர்கள், இப்போது தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் இருக்கிறது, துப்பாக்கி தூக்காமல் யோசித்து விளையாடும் கிளாசிக்குகளில் எவற்றை விளையாடலாம், வரவிருப்பவற்றில் எதற்குக் காத்திருக்கலாம் என்கிறீர்கள். இதற்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம். இணையத்தில் அப்படி நூறு பட்டியல்கள் கிடக்கின்றன. ஆனால் கேள்வியின் கடைசி வரியில், இரண்டு கேம்கள் வாங்கி, இரண்டிலும் மாட்டிக்கொண்டு, வாக்த்ரூ (படிப்படியாக விடை சொல்லும் வழிகாட்டி) பார்த்து, வெறுத்துப்போய் அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது புகழ்பெற்ற கேம்களின் பெயர்கள் இல்லை; எந்த கேமில் மாட்டிக்கொண்டாலும் நம் மூளைமேல்தான் கோபம் வரும், கேமின்மேல் வராது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

புதிர் கேம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். கேமைத் தயாரித்தவர் அல்லாத ஒருவரை உட்காரவைத்து, பின்னால் நின்று அவர் விளையாடுவதைப் பார்த்துக் குறிப்பெடுப்பதே பெரும்பகுதி வேலை. வாயைத் திறக்கக்கூடாது என்பது மட்டும்தான் விதி. புதிரில் மாட்டிக்கொண்ட ஒருவர் இன்னும் யோசிக்கிறாரா, இல்லை கைவிட்டுவிட்டாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மவுஸைப் பார்த்தால் போதும். யோசிப்பவரின் மவுஸ் நின்று நின்று நகரும். ஒரு கதவில் நிற்கும், கையிலுள்ள பொருட்களுக்கு வரும், மறுபடி கதவுக்குப் போகும். கைவிட்டவரின் மவுஸ் திரையின் இடப்பக்க மூலையில் தொடங்கி வலப்பக்கம் வரை, வரிவரியாக, வாசல் பெருக்குவதுபோலப் போகும். எங்காவது எதுவாவது சிக்காதா என்ற தேடல்தான் அது. எங்கள் குழுவில் அதைத் 'துடைப்பம் எடுத்துவிட்டார்' என்போம். ஒரு கேம் நம்மை எத்தனை முறை துடைப்பம் எடுக்க வைக்கிறது என்பதைத்தான் நான் இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த அளவுகோலின்படிதான். கதைக்காகவோ இசைக்காகவோ விளையாடுபவர் வேறு வரிசை சொல்லக்கூடும், அதுவும் தவறில்லை.

பெயரைப் பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இப்போது கடைகளில் 'அட்வென்ச்சர்' என்ற தலைப்பின் கீழ் தாவுவது, ஏறுவது, சுடுவது எல்லாம் கலந்து கிடக்கிறது. நீங்கள் தேடும் வகைக்கு அந்தப் பெயர் வந்தது வில் க்ரவுதர் எழுதிய ஒரே ஒரு நிரலிலிருந்து. கணினிப் பொறியாளரான அவருக்குக் குகைகளுக்குள் இறங்கித் திரிவது பொழுதுபோக்கு. கென்டக்கியிலுள்ள மாமத் குகையின் ஒரு பகுதியை மாதிரியாக வைத்து, தம் மகள்கள் விளையாடுவதற்காக, 1975-76 வாக்கில் வெறும் எழுத்துகளாலான ஒரு கேமை எழுதினார். 1977இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். அதன் பெயரே 'அட்வென்ச்சர்'. அதில் வேகமான விரல்களுக்கு வேலையில்லை. வர்ணனையைப் படித்து, பொருளை எடுத்து, சரியான இடத்தில் பயன்படுத்த வேண்டும். இன்றுவரை இந்த வகையின் முதுகெலும்பு அதுதான். அதனால் கடையில் தேடும்போது 'பாயின்ட் அண்ட் கிளிக்' அல்லது 'பஸில் அட்வென்ச்சர்' என்று தேடுங்கள். பாதிக் குப்பை அங்கேயே விலகிவிடும்.

பழையவற்றில் எல்லாமே பொன்னல்ல என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த பல கேம்களில், நீங்கள் செய்த தவறு அப்போது தெரியாது; மணிக்கணக்கில் விளையாடிய பிறகு பாதை அடைபட்டிருக்கும். 1990இல் வெளிவந்த ஐந்தாவது 'கிங்ஸ் குவெஸ்ட்' இதற்கு எடுத்துக்காட்டு. ஓரிடத்தில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். சில நொடிகளே அந்தக் காட்சி வரும். அந்த நேரத்தில் கையிலுள்ள பழைய பூட்ஸையோ குச்சியையோ பூனைமேல் வீசி எலியைக் காப்பாற்றியிருக்க வேண்டும். தவறவிட்டால், பின்னால் சத்திரத்தின் நிலவறையில் உங்களைக் கட்டிப்போடும்போது கயிற்றைக் கடித்து அறுக்க அந்த எலி வராது. கேம் அங்கேயே முடிந்தது. ஏன் முடிந்தது என்றும் தெரியாது. படங்களின் அழகுக்காக அந்தக் கால கேம்களைப் புகழ்பவர்கள் உண்டு, படங்கள் அழகுதான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வைத்திருப்பவருக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு எதிர்வினையாக எழுந்ததுதான் நீங்கள் பாதியில் விட்ட கேம். உங்கள் விவரிப்பைப் படித்தால் அது 1990இல் வந்த 'த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' ஆகத்தான் இருக்க வேண்டும், இருந்தாலும் திரையைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை உருவாக்கிய ரான் கில்பர்ட், அதற்கு ஓராண்டு முன்பே, சாகச கேம்கள் ஏன் எரிச்சலூட்டுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். செத்துச் செத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது அவர் கண்டித்த குறைகளில் ஒன்று. அதனால் இந்த கேமில் நாயகன் கைப்ரஷ் சாவதே இல்லை, ஒரேயொரு விலக்கைத் தவிர. பத்து நிமிடம் மூச்சடக்கத் தெரியும் என்று பீற்றிக்கொள்ளும் அவனைக் கடலடியில் பத்து நிமிடம் சும்மா நிற்க விட்டால் உண்மையாகவே செத்துப்போவான். இதன் புகழ்பெற்ற புதிர் வாள்சண்டை. வாளால் அல்ல, வசவால் வெல்லும் சண்டை அது: எதிராளி ஒரு வசைச்சொல் வீசுவான், அதற்குப் பொருத்தமான பதிலடி தெரிந்தால் ஒரு படி முன்னேறுவீர்கள், தெரியாவிட்டால் பின்வாங்குவீர்கள். தோற்கத் தோற்கத்தான் புதிய வசவுகள் உங்கள் நோட்டில் சேரும். கடைசியில் வாள்வித்தைத் தலைவியிடம் போனால் அவள் இதுவரை கேட்காத வசவுகளை எடுத்துவிடுவாள். உங்களிடம் இருக்கும் பழைய பதிலடிகளே அவற்றுக்கும் பொருந்தும், எது எதற்கு என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். லாவணி எதிர்ப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்தச் சுவை உடனே பிடிபடும். 2009இல் வந்த புதுப்பித்த பதிப்பை வாங்குங்கள். குரல்கள் உண்டு, குறிப்புக் கேட்கும் வசதி உண்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய படத்துக்கே திரும்பிவிடவும் செய்யலாம். இங்கிருந்தே தொடங்கலாம், பாதியில் விட்ட கணக்கும் தீரும்.

அதன் இரண்டாம் பாகத்துக்கு ஓர் எச்சரிக்கை. நம்மூர்க்காரர் மாட்டிக்கொள்ளும் இடம் அதில் ஒன்று உண்டு, அதற்கு அறிவுக்குறை காரணமில்லை. மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கை வாழைப்பழத்தைக் காட்டி மயக்கி, விறைத்துப்போன அந்தக் குரங்கைக் கொண்டுபோய் ஒரு நீர்க்குழாயின் மரையைத் திருக வேண்டும். ஏன் குரங்கு? அமெரிக்க ஆங்கிலத்தில் அந்தக் கருவிக்கு 'மங்கி ரென்ச்' என்று பெயர். இங்கே பட்டறையில் யாரும் அதைக் குரங்கு என்று அழைப்பதில்லை, பிரிட்டனிலேயே ஸ்பேனர் என்றுதான் சொல்வார்கள். ஒரு மொழியின் சிலேடையைப் புதிருக்குப் பூட்டாக வைத்தால், அந்த மொழிக்குள் வளராதவருக்குச் சாவியே கிடையாது. இத்தகைய இடத்தில் வாக்த்ரூவைத் திறப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். இதற்கு நேர்மாறாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றி டொராண்டோவிலிருந்து 2023இல் வந்த 'வெண்பா' என்ற சிறிய கேமில், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டில் விட்டுப்போன படிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது அங்கே ஒரு புதிர். குழிமேல் குழி வராமல் மாற்றி அடுக்க வேண்டும் என்பது நம் அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும், மற்றவர்கள்தான் திணறுவார்கள். அது கண்டிப்பான பொருளில் சாகச கேம் இல்லை, ஒரே மாலையில் முடிந்தும்விடும், ஆனாலும் விளையாடுங்கள்.

புதிர் நியாயத்தில் எனக்கு உச்சம் 1993இல் டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் இயக்கிய 'டே ஆஃப் த டென்டகிள்'. ஒரே வீடு, மூன்று காலம்: ஒருவன் நிகழ்காலத்தில், ஒருவன் 200 ஆண்டுகளுக்கு முந்தைய இறந்தகாலத்தில், லவெர்ன் என்ற ஒருத்தி 200 ஆண்டுகளுக்குப் பிந்தைய எதிர்காலத்தில். கழிப்பறை வடிவக் கால இயந்திரம் வழியாகச் சிறு பொருட்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம். எதிர்காலத்தில் லவெர்ன் ஒரு மரத்தில் மாட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறாள். அதே மரம் இறந்தகாலத்தில் சிறியதாக நிற்கிறது. அங்கே ஜார்ஜ் வாஷிங்டன் இருக்கிறார், செர்ரி மரம் வெட்டுவதில் பெருமை கொண்டவர். இருப்பதோ கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சு வகை மரம். அதன் பழங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசினால் அவர் செர்ரி என்று நம்பி வெட்டிவிடுவார், எதிர்காலத்தில் மரம் மறைந்து லவெர்ன் கீழே விழுவாள். வாஷிங்டனும் செர்ரி மரமும் என்ற கதையை நம்மில் பலரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம் என்பதால் இந்தப் பூட்டுக்கு நம்மிடமும் சாவி உண்டு. கிறுக்குத்தனமான உலகம்தான், ஆனால் அந்தக் கிறுக்குக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. விடை தெரிந்ததும் 'அட, இது முன்னாலேயே கண்ணில் பட்டதே' என்று தோன்றும். 2016இன் புதுப்பித்த பதிப்பில் தொடக்கூடிய பொருட்களை ஒளிரச்செய்து காட்டும் வசதி இருப்பதால் துடைப்பத்துக்கும் வேலை குறைவு.

அதே ஷேஃபரின் 'கிரிம் ஃபாண்டாங்கோ' (1998) மெக்சிகோவின் இறந்தோர் நாள் நம்பிக்கைகளை அடியாகக் கொண்டு, செத்தவர்களுக்குப் பயணச்சீட்டு விற்கும் எலும்புக்கூடு ஒருவனின் கதையைச் சொல்கிறது. எழுத்து அபாரம், புதிர்கள் பல இடங்களில் மூடுபனி. வாக்த்ரூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைக்காக விளையாட வேண்டியது அது. 1996இல் சார்ல்ஸ் செசிலின் குழு இங்கிலாந்தில் உருவாக்கிய 'ப்ரோக்கன் ஸ்வோர்ட்' பாரிஸ் காபிக்கடை ஒன்றில் குண்டு வெடிப்பதோடு தொடங்கும். பழைய துப்பறியும் நாவல் பிடிப்பவருக்கு ஏற்றது. அயர்லாந்துக் கோட்டையில் ஓர் ஆடு உங்களை முட்டித் தள்ளும் இடம் மட்டும் உலகப்புகழ் பெற்ற வில்லங்கம். அதுவரை நிதானமாக யோசிக்கப் பழக்கிய கேம், அங்கே மட்டும், முன்னறிவிப்பின்றி, சரியான நொடியில் செயல்படச் சொல்கிறது. 2024இல் வந்த மறுவார்ப்புப் பதிப்பில் குறிப்புகளோடு விளையாடும் முறை ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

'மிஸ்ட்' (1993) பற்றி உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். ராண்ட், ராபின் மில்லர் சகோதரர்கள் உருவாக்கிய அது 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கையில் பொருட்கள் சேர்ப்பதில்லை, பேசுவதற்கு ஆளுமில்லை. ஆளற்ற தீவில் இயந்திரங்களைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான் வேலை. ஆனால் அதைவிட அதன் தொடர்ச்சியான 'ரிவன்' (1997) பல மடங்கு சிறந்தது என்பது என் கட்சி. அதில் குழந்தைகளுக்கான ஒரு பள்ளிக்கூட அறை வரும். அங்கே ஒரு பொம்மை: சுழற்றினால் ஒரு குறி தோன்றும், மேலே தொங்கும் சிறு உருவம் அந்தக் குறிக்குரிய எண்ணிக்கையளவு கீழே இறங்கும், அடியில் வாய் பிளந்த கடல்விலங்கு. பத்து முறை சுழற்றி நோட்டில் எழுதிக்கொண்டால் அந்த நாட்டின் எண்களை, அந்த நாட்டுக் குழந்தை கற்ற அதே வழியில், நீங்களும் கற்றுவிட்டீர்கள். புதிர் என்று ஒன்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. அந்தப் பொம்மையிலிருந்தே அந்த மக்களின் பயமும் தெரிந்துவிடும். 2024இன் மறுஆக்கம் உங்கள் லேப்டாப்பில் ஓடாது என்றே நினைக்கிறேன். பழைய பதிப்பு எந்தக் கணினியிலும் ஓடும்.

கிளாசிக் என்றால் தொண்ணூறுகளோடு நின்றுவிட வேண்டியதில்லை. செக் நாட்டின் அமானிடா டிசைன் 2009இல் வெளியிட்ட 'மெஷினேரியம்' ஒரு வார்த்தைகூடப் பேசாத கேம். எல்லாம் படங்களாலேயே, எண்ணக்குமிழிகளாலேயே. மொழிச் சிலேடைக்கே இடமில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சிறு குறிப்பு கிடைக்கும். முழு விடை வேண்டுமென்றால் பூட்டிய புத்தகத்தைத் திறக்க ஒரு குட்டி விளையாட்டு ஆட வேண்டும். சுடாத கேம் கேட்டீர்கள் அல்லவா, அந்தக் குட்டி விளையாட்டில் சிலந்திகளைச் சுட வேண்டியிருக்கும். அது மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். 2023இன் 'சான்ட்ஸ் ஆஃப் செனார்' ஒரு கோபுரத்தின் வெவ்வேறு தளங்களில் வாழும் மக்களின் எழுத்துகளைச் சூழலைப் பார்த்து வாசித்தறியச் சொல்கிறது. ஒவ்வொரு மொழியும் வேறு இலக்கணத்தில் நடக்கும். வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துப் பழகிய நமக்கு, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிட இதில் ஒரு சிறு அனுகூலம் உண்டு என்று எனக்குப் படுகிறது. நிரூபிக்க முடியாது.

ஆனால் கடந்த பத்தாண்டுகளில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் லூகாஸ் போப்பின் 'ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின்' (2018). ஆண்டு 1807. காணாமற்போன கப்பல் ஆளில்லாமல் மிதந்து வருகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரும் யார், ஒவ்வொருவரும் எப்படி முடிந்தனர் என்று எழுத வேண்டும். ஒரு சடலத்தின் அருகே போனால் சாகும் நொடியின் பேச்சொலி கேட்கும், பிறகு அந்த நொடி உறைந்த காட்சியாக நிற்கும். அதற்குள் நடந்து திரியலாம். கருப்பு வெள்ளைப் புள்ளிகளாலான படம். முகத்துக்குப் பெயர் யாரும் சொல்லமாட்டார்கள். மாலுமிகள் தூங்கும் தூளிகளில் எண் எழுதியிருக்கும், கப்பல் பணியாளர் பட்டியலிலும் எண் இருக்கும். இது கண்ணில் பட்ட அன்று இரவு நான் தூங்கவில்லை. பேச்சின் வாடை, உடையின் தினுசு, யாரோடு யார் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள் என்று நூல்பிடித்துப் போக வேண்டும். இந்திய மாலுமிகளும் அதில் இருக்கிறார்கள். நீங்கள் எழுதியது சரியா என்பதை மூன்று மூன்று பேராகத்தான் கேம் உறுதிசெய்யும் என்பதில் போப்பின் கைத்திறன் தெரிகிறது. ஒவ்வொன்றாக உறுதிசெய்தால் எல்லாரும் ஊகித்து ஊகித்தே முடித்துவிடுவார்கள். அறுபதையும் கடைசியில் சொன்னால் பாதியில் மனம் விட்டுப்போகும். மூன்று என்ற எண் துடைப்பத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது, நம்பிக்கையையும் விட்டுவைக்கிறது. சோதனை வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் ஆடக் கொடுத்தது இதைத்தான்.

இனி வரவிருப்பவை. இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது அறிவிப்பு மட்டுமே, வெளியீடு அல்ல. 2012இல் டிம் ஷேஃபரின் நிறுவனம் ஒரு புதிய சாகச கேமுக்காக மக்களிடம் 4 லட்சம் டாலர் கேட்டது. 87 ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். செத்துப்போனதாக நினைத்த வகைக்கு இவ்வளவு ஆதரவா என்று எல்லாரும் வியந்தோம். அந்த கேமின் முதல் பாதி 2014 ஜனவரியில்தான் வந்தது, மறுபாதிக்கு 2015 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் சொன்னதோ 2012 அக்டோபர். பணம் அதிகமாகக் கிடைத்ததால் கனவும் பெரிதாகிவிட்டது. அதனால் அறிவிப்பைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். விருப்பப்பட்டியலில் சேர்த்துவிட்டு மறந்துவிடுங்கள். அப்படி நான் சேர்த்தவை இரண்டு. ஒன்று அமானிடாவின் 'ஃபோனோபொலிஸ்': ஒலிபெருக்கிகள் வழியாக மக்களை ஆட்டிவைக்கும் ஒரு நகரம், அதில் குப்பை அள்ளும் ஃபீலிக்ஸ் என்ற இளைஞன், எல்லாமே கையால் வண்ணம் தீட்டிய அட்டைகளாலான உலகம். இந்தக் குழுவின் கைவரிசையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருவதால் நம்புகிறேன். மற்றொன்று 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட புதிய 'ப்ரோக்கன் ஸ்வோர்ட்', 'பார்சிவல்ஸ் ஸ்டோன்'. பழைய ஜோடி ஜார்ஜும் நிக்கோவும் திரும்புகிறார்கள். ஆடும் திரும்புமா என்பதுதான் என் கவலை. இவற்றில் எது உங்கள் லேப்டாப்பில் ஓடும் என்பதைக் கடைப்பக்கத்தில் குறைந்தபட்சத் தேவையைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். புதிது வேண்டும், ஆனால் காத்திருக்க முடியாது என்றால் 2025இல் மெல்போர்னிலிருந்து வந்த 'த டிரிஃப்டர்' இருக்கிறது: ரயில் ஏறித் திரியும் ஒருவன் கொல்லப்படுகிறான், சில நொடிகளுக்கு முன்னால் மறுபடி விழிக்கிறான். ரத்தமும் பதற்றமும் அதிகம். புள்ளிப்புள்ளியான பழைய பாணிப் படம் என்பதால் உங்கள் லேப்டாப்புக்குச் சுமையாக இருக்காது.

செலவைப் பற்றி ஒன்று. ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் பழைய சாகச கேம்களை இன்றைய கணினிகளில் ஓடவைக்கிறது. கேமின் கோப்புகள் மட்டும் நம்மிடம் இருக்க வேண்டும். 1994இன் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' கேமை அதன் உரிமையாளர்களே 2003இல் இலவசமாக்கிவிட்டார்கள், ஸ்கம்விஎம் தளத்திலேயே சட்டப்படி பதிவிறக்கலாம். எதிர்கால ஆஸ்திரேலிய நகரம், வாயாடி ரோபோ ஒன்று துணைக்கு. அதில் சில இடங்களில் நாயகன் சாவான் என்பதால் அவ்வப்போது சேவ் செய்யுங்கள். இந்த வகை இன்னும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று ஒரு ரூபாய் செலவில்லாமல் இந்த வாரமே தெரிந்துகொள்ளலாம். ஒத்துவந்தால் குரங்குத் தீவு, பிறகு மெஷினேரியம், டென்டகிள். ஓப்ரா டின்னைத் தொடர்ச்சியாக நான்கு நாள் விடுமுறை கிடைக்கும்போது எடுங்கள், ஏனென்றால் இடையில் ஒரு வாரம் விட்டால் முகங்கள் மறந்துவிடும். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வையுங்கள். கை தானாகத் திரையைப் பெருக்கத் தொடங்கினால் அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிடுங்கள். மறுநாள் காலை பல் துலக்கும்போது விடை வந்துவிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இரண்டு நாளாகியும் வரவில்லை என்றால், அது குரங்கா ஆடா என்று மட்டும் வாக்த்ரூவில் எட்டிப்பாருங்கள்.